பொன்னாடைக் கயிறு

ஓடுவதையே மறந்துவிட்ட ஓர் ஆறும், அந்த ஆற்றை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் தெருவுக்கு இரண்டு பேருமாக இருந்த எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில், நிலவியல் பேராசிரியர் தெய்வசிகாமணியின் கால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டதை முதலில் அறிந்தவன் அவருடைய ஆராய்ச்சி மாணவன் ஈஸ்வரமூர்த்தி. அதையும் அவன் கண்ணால் அறியவில்லை, கைவிரலால் அறிந்தான்.

அன்று அவனுக்கு வைவா, டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கேள்விகள் முடிந்து, வெளியூர்த் தேர்வாளர் எழுந்து நின்று "டாக்டர் ஈஸ்வரமூர்த்தி" என்று அழைக்க, கைதட்டல் ஓய்ந்ததும் வழக்கப்படி பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தி, வழக்கப்படியே அப்பா, அம்மா, அக்கா, மாமா எல்லோரோடும் சேர்ந்து அவர் காலில் விழுந்தான். பாதத்தைத் தொட நீட்டிய விரல்கள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே புகுந்து உள்ளே போயின. ஒரு வெற்றிலை தாராளமாக நுழையும் இடைவெளி அங்கே இருந்தது. உள்ளே காற்று ஜில்லென்று இருந்ததாகப் பின்னால் எல்லோரிடமும் சொன்னான்.

முதலில் சொன்னது கோகிலவாணியிடம். அவளும் தெய்வசிகாமணியின் மாணவிதான். அவனுக்கு அடுத்து முடிக்க வேண்டியவள். அவன் போய்ச் சொன்னபோது கேன்டீனில் மெதுவடை தின்றுகொண்டிருந்தாள்.

"கோகிலா, சார் கால் தரையில இல்ல."

"செருப்புப் போட்டிருந்தாருங்களாண்ணா?"

"வெறுங்கால்தான்."

"அப்ப நெசந்தான். சார்கிட்டச் சொன்னீங்களா?"

"சார் காலைப் பத்தி சார்கிட்டயே எப்படிச் சொல்றது?"

அவளுக்கும் அது சரியாகவே பட்டது. மீதி வடையை அவனிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

நான் எதிர்க் கட்டடத்து வேதியியல் துறைக்காரன். அடுத்த வீட்டுக்காரனுக்குத்தான் எல்லாம் தெரியும் என்பதால் அந்தத் துறையின் நடைமுறையை நானே சொல்லிவிடுகிறேன். தாளில் நெறியாளர் என்று எழுதினாலும் வாயில் எல்லோருக்கும் அவர் கைடுதான்; கைடு முன்னால் மாணவர் உட்காருவதில்லை; கைடு எதைச் சொன்னாலும் "ஆமாங்க சார்" என்பதைத் தவிர வேறு பதில் அங்கே புழக்கத்தில் இல்லை. களப்பணிக்குக் கிளம்பும்போது காலில் விழுவார்கள், வெயிலில் கருத்துத் திரும்பியதும் விழுவார்கள், ஆசிரியர் தினத்துக்கும் ஆயுத பூஜைக்கும் விழுவார்கள், கட்டுரை அச்சில் வந்தால், கல்யாணம் நிச்சயமானால், பிள்ளை பிறந்தால் விழுவார்கள். எல்லாக் கைடுகளுக்கும் இது நடப்பதுதான். ஆனால் மற்ற கைடுகள் மாணவர்களைக் காய்கறி வாங்கவும், மின்சாரக் கட்டணம் கட்டவும், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவும் அனுப்பினார்கள்; காலில் விழுந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தார்கள். தெய்வசிகாமணி யாரையும் எங்கேயும் அனுப்பியதில்லை, களத்தில் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் வறண்ட தொண்டையோடு நடப்பவர். அவர் காலில் விழுந்தவர்கள் மனசார விழுந்தார்கள். அவர் மட்டும் எழும்பியதற்குக் காரணம் அதுதான் என்பது எங்கள் துறையின் முடிவு.

விழ விழ அவர் உயர்ந்தார். வெற்றிலை இடைவெளி செங்கல் இடைவெளியாயிற்று. பிறகு முக்காலி உயரமாயிற்று. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து மிதந்து வருவதை அவரும் பழகிக்கொண்டார். துறை தன்னால் ஆனதைச் செய்தது. அவருடைய நாற்காலிக்குக் கட்டைக்கால் பொருத்தினார்கள், கரும்பலகையை மேலேற்றி அடித்தார்கள், ஒருநாள் மின்விசிறி அவர் முன்மயிரைக் கொஞ்சம் கொத்திக்கொண்டு போனதும் அதைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். மற்றத் துறைகளில் பொறாமை புகைந்தது. எங்கள் துறைத் தலைவர் ஒரு வாரம் முழுக்கத் தன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடி தேய்ந்துதான் இருந்தது.

பிறகு ஜூலை மாதம் வந்தது. புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டுப் பிள்ளைகள், முற்றத்தைக் கடந்து வகுப்புக்கு வந்துகொண்டிருந்த அவரைக் கண்டதும், சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருந்தபடி வரிசையாக ஒரே நேரத்தில் தரையில் விழ, அவர் "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே மேல்மாடிச் சன்னல்வரை போய்விட்டார். மேலே கூரை இல்லை, வானம்தான் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி மாடிக்கு ஓடி அவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, கோகிலவாணி அவர் அறைக்கு ஓடினாள். கயிறு எதுவும் கிடைக்கவில்லை. பீரோவைத் திறந்தால் பொன்னாடைகள் சரிந்து விழுந்தன. வைவாக்களிலும் கருத்தரங்குகளிலும் திறப்பு விழாக்களிலும் போர்த்தப்பட்டு, எதற்கும் பயன்படாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் அடுக்கி வைத்திருந்த ஜரிகைப் பொன்னாடைகள். அவற்றை ஒன்றோடொன்று முடிச்சிட்டு ஒரு முனையை அவர் இடுப்பிலும் மறு முனையை முற்றத்துத் தூங்குமூஞ்சி மரத்திலும் கட்டினார்கள். அன்றிலிருந்து பேராசிரியர் தெய்வசிகாமணி முற்றத்தின் மேலேயே இருந்தார்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. கேன்டீன்காரர் தூக்குச்சட்டியில் டீ அனுப்பினார். மழைக்குக் குடை போயிற்று. கைபேசி மின்னேற்றம் பெறக் கூடையில் இறங்கி ஏறியது. முற்றத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்தபடி மாணவர்கள் பாடம் கேட்டார்கள். அப்படி ஒரு பாடத்தை நாங்கள் யாருமே கேட்டதில்லை. மலைகள் எப்படித் தேய்ந்தன, கடல் எதுவரை வந்து திரும்பிப் போயிற்று என்று அவர் மேலிருந்து தூரத்தைக் கைகாட்டிச் சொல்லச் சொல்ல, எங்கள் துறைப் பிள்ளைகள் சோதனைக்குழாயை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து கேட்டார்கள். மாலை வெயில் சாயும்போது கொக்குகள் அவரைச் சுற்றிக்கொண்டு கூட்டுக்குப் போகும்; பொன்னாடைக் கயிறு மரத்திலிருந்து அவர் இடுப்புவரை தகதகவென்று எரியும். என்னதான் வாய்க்கு வந்தபடி பேசுகிறவன் என்றாலும், அந்த நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருக்கும், கும்பிட்டும் இருக்கிறேன்.

அதுதான் வினையாயிற்று. அவரைப் பார்த்து வியந்தவர்கள் கும்பிட்டார்கள், கும்பிடக் கும்பிட அவர் உயர்ந்தார், உயர உயர வியப்பு கூடிற்று. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். துணைவேந்தர் கற்பூரம் ஏற்றுவதை மட்டும் தடை செய்துவிட்டு வண்டி நிறுத்த இடம் ஒதுக்கினார். வந்தவர்கள் கொண்டுவந்த பொன்னாடைகளால் கயிறு நீண்டது. ஆனால் ஜரிகை வழுக்கும். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு முடிச்சு நெகிழ்ந்தது.

இங்கே ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் அதற்கு ஓடாத ஆறு என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது ஒரு காலத்தில் நரிக்கல் கரடு என்கிற சிறு குன்றுக்குத் தெற்கே ஓடியது, மணலுக்கடியில் இன்னும் அதன் ஈரம் இருக்கிறது என்று தெய்வசிகாமணி இளைஞராக இருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தெற்கு பாடப் புத்தகத்தில் ஏறி, வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கி, கடைசியில் எங்கள் பேருந்து நிலையச் சுவரில் வண்ணப் படமாகவே வந்துவிட்டது. அதை நம்பிக் கரட்டுக்குத் தெற்கே கிணறு வெட்டியவர்களுக்குப் புழுதிதான் வந்தது. ஆழம் போதவில்லை என்று அவர்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கோகிலவாணியின் ஆய்வு அந்த ஆற்றின் தடத்தைக் கணிப்பது. இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து மின்சாரம் செலுத்தி, அது எங்கே பாறையில் தடுமாறுகிறது, எங்கே ஈர மணலில் சுலபமாகப் போகிறது என்று கரட்டைச் சுற்றி ஏழு வருடம் அளந்தவள் அவள். அளந்து முடித்த அன்று, அவர் கால் இன்னும் தரையில் இருந்த காலம் அது, அவர் அறை வாசலில் வந்து நின்றாள். தெற்கே வெறும் பாறை, வடக்கேதான் ஆறு. சொல்ல வாயெடுப்பதற்குள் தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்த்துப் பிரியமாகச் சிரித்து, "என்னம்மா, தெற்குதானே?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றது அவள் வாய்.

வாயை யாரும் குறை சொல்ல முடியாது, பழக்கம். அறைக்குப் போய், தன் கருவிதான் பழுது என்று ஒரு வாரம் அழுதாள். சார் தப்பாக இருக்க முடியாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு எண்களைச் சரிக்கட்டி, வரைபடத்தில் ஆற்றைத் தூக்கித் தெற்கே வைத்தாள். ஆய்வேடு அழகாக அமைந்துவிட்டது. வைவாவுக்கு நாள் குறித்தாயிற்று, அது முடிந்த கையோடு சேர்வதற்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேலையும் காத்திருந்தது, இவளை ஒண்டியாளாகப் படிக்க வைத்த அம்மா பழனியம்மாள் இருநூறு பேருக்குப் பிரியாணி சொல்லிவிட்டார்.

வைவா நெருங்கிய ஒரு நாள் காலை, மரத்தடியில் நின்றிருந்தபோது மேலேயிருந்து கைபேசியில் அழைப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பருந்து அளவுக்குத்தான் தெரிந்தார்.

"கோகிலா, கீழ எல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்க சார்."

"இங்க காத்து ஜாஸ்தி. கயிறு தாங்குமா?"

"தாங்குங்க சார்."

"உன் படத்தை மறுபடியும் ஒருக்காப் பார்த்தியா? எல்லாம் சரிதானே?"

"ஆமாங்க சார்."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து விழுந்த கணத்தில் கயிறு விண்ணென்று இழுபட்டு, மரக்கிளை முறுகி, ஒரு பொன்னாடை நடுவில் கிழிந்ததை அவள் கண்ணெதிரே பார்த்தாள். விழுவது மட்டுமில்லை, ஆமாம் போடுவதும் அவரை ஏற்றுகிறது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. வைவா நாளில் அவள் எத்தனை ஆமாம் சொல்ல வேண்டியிருக்கும், அம்மா தொடங்கி எத்தனை சொந்தங்கள் விழுந்து கும்பிடும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்தக் கயிறு அதைத் தாங்காது.

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தபோதுதான் பேராசிரியரின் மனைவி வசந்தாமணி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். கூடையைக் கயிற்றில் மாட்டிவிட்டு, கையை வாயருகே குவித்து மேலே பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க, கேஸ் புக் பண்ணிட்டேன்னீங்களே, பண்ணவே இல்லையாமா! இதுல ஞாபக சக்தியப் பத்திப் பெருமை வேற!"

கயிறு ஒரு சாண் தொய்ந்தது. மேலே அவர் ஒரு சாண் இறங்கியிருந்தார்.

கோகிலவாணி அதைப் பார்த்தாள். வசந்தாமணி அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

"தினம் ஒரு சாண் இறக்குறேன் சாமி. நீங்க எல்லாரும் சேர்ந்து பத்து முழம் ஏத்தறீங்க. வீட்டு விசயத்துல அவர் தப்பு எனக்குத் தெரியும், சொல்லிப்போடறேன். ஆத்து விசயம் எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவங்கதான் சொல்லோணும்."

அன்று அவள் ஈஸ்வரமூர்த்தியைத் தேடிப் போய், ஏழு வருடத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கும் வடக்குதான் வந்துச்சு கோகிலா. கூழாங்கல்லு எல்லாம் வடக்குலதான் கிடைச்சுது. நான் தப்பாப் பொறுக்கிட்டேன்னு நெனச்சேன்."

அவனுக்கு முன்னால் அவரிடம் பட்டம் வாங்கிய அக்காவைக் கேட்டார்கள், அவருக்கு முந்தைய அண்ணனைக் கேட்டார்கள். எல்லோருக்கும் வடக்கு. எல்லோரும் தன் கண்ணைச் சந்தேகப்பட்டு, தன் கருவியைச் சந்தேகப்பட்டு, ஆளுக்கு ஒரு தரம் ஆற்றைத் தூக்கித் தெற்கே வைத்திருந்தார்கள். அவர் காலுக்கடியில் இருந்த தரையை அவர் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான் பிடிபிடியாக அள்ளியிருக்கிறார்கள்.

வைவா முற்றத்தில் நடந்தது. பந்தல் போட்டால் கைடு தெரியமாட்டார் என்று வெயிலிலேயே நாற்காலி போட்டார்கள். பல்கலைக்கழகமே கூடியிருந்தது. முன்வரிசையில் பட்டுச்சேலையில் பழனியம்மாள். பின்னால் ஒரு வேன் நிறையச் சொந்தங்கள். கொல்லைப்பக்கம் பிரியாணி தம்மில் இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியைதான் தேர்வாளர். கழுத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மேலே வணக்கம் சொல்ல, கயிறு கிறீச்சிட்டது. பிறகு, மாணவி பயந்துவிடக் கூடாதே என்று, தூங்கி எழுந்து வந்தவன்கூடப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக ஒன்றைக் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. ஓடாத ஆறு கரட்டுக்கு எந்தப் பக்கமா ஓடுச்சு?"

கோகிலவாணி தன் அம்மாவைப் பார்த்தாள். ஆய்வேட்டைப் பார்த்தாள், அதில் தெற்கு என்று கெட்டி அட்டை போட்டுத் தங்க எழுத்தில் பைண்டு செய்திருந்தது. தெற்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் மத்தியானத்துக்குள் அவள் டாக்டர், திங்கட்கிழமை அவளுக்கு வேலை. மேலே பார்த்தாள். அத்தனை உயரத்தில் அவர் முகம் தெரியவில்லை, உள்ளங்கால் இரண்டும்தான் தெரிந்தன. வெயிலில் நடந்து நடந்து பித்தவெடிப்பு கண்ட உள்ளங்கால்கள்.

"வடக்குங்க" என்றாள்.

ஒலிபெருக்கியோடு இணைத்திருந்த கைபேசியில் மேலிருந்து குரல் வந்தது.

"கோகிலா, தெற்கும்மா."

அவள் ஆய்வேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"இல்லீங்க சார்."

அந்தத் துறை கட்டி முடித்த நாளிலிருந்து அதன் சுவர்கள் கேட்டிராத சொல் அது. கயிறு தொய்ந்தது. ஒரு சாண் இல்லை, ஒரு பனைமர உயரத்துக்குத் தொய்ந்து, ஜரிகை முந்தானைகள் மளமளவென்று எங்கள் தலையில் விழுந்தன. மேலேயிருந்து கோபம் வரும் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். வந்தது கேள்வி.

"எப்படிச் சொல்றே?"

அவள் சொன்னாள். எங்கெங்கே கம்பி அடித்தாள், எந்த ஆழத்தில் என்ன எண் வந்தது, அதை எப்படி மாற்றினாள், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மறித்தார், மழைக்காலத்தில் அளந்திருப்பாய் என்றார். இல்லீங்க சார், சித்திரையில் அளந்தேன் என்றாள். களிமண் ஏமாற்றியிருக்கும் என்றார். இல்லீங்க சார், துளையிட்டுப் பார்த்தேன், மணல் என்றாள். கேள்வி வர வர, இல்லை சொல்லச் சொல்ல அவர் இறங்கினார். இறங்க இறங்க அவர் குரல் இளமையாயிற்று. வெகுநாள் பட்டினி கிடந்தவர் இலையில் உட்கார்ந்ததுபோல இன்னும், இன்னும் என்று கேட்டார். ஈஸ்வரமூர்த்தி எழுந்து, "எனக்கும் வடக்குங்க சார்" என்றான். அக்கா எழுந்தார். அண்ணன் எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்து நின்று தத்தம் வடக்கைச் சொல்லச் சொல்ல, வானத்திலிருந்து ஒரு மனிதர் மெல்ல மெல்ல இறங்கி வருவதைப் பல்கலைக்கழகம் முழுவதும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஏறியதை வியந்தவர்கள்தான் நாங்கள். இறங்கியது அதைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

தரைக்கு ஒரு வெற்றிலை அளவு இருக்கும்போது அவர் நின்றுவிட்டார். சொல்வதற்கு எங்கள் யாரிடமும் எதுவும் பாக்கியில்லை. அவர் கோகிலவாணியைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது.

"மேல போனதிலிருந்து தினமும் பார்க்கிறேன்மா. கரட்டுக்கு வடக்கே பனைமரம் எல்லாம் பாம்பு மாதிரி வளைஞ்சு வரிசையா நிக்குது. அதுதான் ஆறு. அவ்வளவு தெளிவாத் தெரியுது. உங்க யார் வாயிலிருந்தாவது வருமான்னு போன் போட்டுப் போட்டுக் கேட்டேன். என் வாயால சொல்ல எனக்குத் தைரியமில்ல. நான் தப்பும்மா."

அவர் பாதங்கள் தரையில் பட்ட ஓசை எல்லோருக்கும் கேட்டது.

கோகிலவாணி குனிந்தாள். கூட்டமே பதறியது. அவள் கும்பிடவில்லை, ஆள்காட்டி விரலை அவர் பாதத்துக்கடியில் நுழைத்துப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. இன்னொரு பக்கமும் நுழைத்துப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே, கைடு முன்னால், தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவருக்கும் நெடுநாள் நிற்காத கால்கள், தாங்கவில்லை; அவள் பக்கத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பட்டம் கிடைக்கவில்லை. ஆய்வேட்டில் தெற்கு என்று எழுதிவிட்டு வாயால் வடக்கு என்றால் எந்தத் தேர்வாளர்தான் என்ன செய்வார்? எல்லாவற்றையும் மறுபடி அளந்து எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கல்லூரி வேலை வேறொருவருக்குப் போயிற்று.

"பாசா, பெயிலா கண்ணு?" என்று கேட்டார் பழனியம்மாள்.

"இன்னும் எழுதோணும்மா."

"அப்ப இந்தப் பிரியாணி?" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று பேராசிரியர் காலில் விழப் போனார். வசந்தாமணி பாய்ந்து வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் வேண்டாங்க அக்கா. வாங்க, சாப்பிடலாம்" என்று பந்திக்குக் கூட்டிப் போனார்.

மறு மாதம் அவர்கள் கரட்டுக்கு வடக்கே போனார்கள். எங்கள் துறையின் சார்பில் வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். முன்னால் கோகிலவாணி கம்பிகளோடு நடந்தாள். பின்னால் தெய்வசிகாமணி கேபிள் சுற்றைத் தோளில் சுமந்துகொண்டு, செருப்பில்லாமல், ஒவ்வோர் அடியையும் ருசித்து வைத்து நடந்தார். இத்தனை காலம் அவரிடமிருந்து போயிருந்த கனம் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டதோ என்னவோ, அவர் கால் வைத்த இடமெல்லாம் கணுக்கால்வரை குழிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பனைமரங்களினூடே அவர் காலடிக் குழிகள் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் ஊறியிருந்தது. ஊறி, நிறைந்து, ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு வழிந்து, சத்தம் போடாமல் எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

அவரும் திரும்பிப் பார்த்தார். கேபிள் தோளிலிருந்து நழுவியது. நம்புவதற்குப் பயந்தவர்போல மெதுவாகச் சொன்னார்.

"தோட்டத்துக்காரன் எவனோ பைப்ப மூடாம விட்டுட்டான் போல இருக்குதும்மா."

கோகிலவாணி குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க சார்" என்றாள்.